அடுத்து எந்த கேம் ஆடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் ஆபீஸிலும் கேம் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். ஒரே பதிலை எத்தனை பேருக்குத்தான் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பது? அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கணினி, கன்சோல் கேம்களைப் பற்றித்தான் பேசுகிறேன். மொபைல் கேம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

1. நல்ல கேம் ஒண்ணு சொல்லுங்களேன்?

உடனே பெயர் சொல்ல மாட்டேன். முதலில் மூன்று விஷயம் கேட்பேன். எதில் ஆடப் போகிறீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? நேரம் போனதே தெரியாமல் கடைசியாக ஆடியது எது, அதில் என்ன பிடித்தது?

மூன்றாவதில்தான் பலர் திணறுவார்கள். 'விட்சர் 3 ரொம்பப் பிடிச்சது' என்பது பாதி பதில்தான். ஒருவருக்கு அதில் கதையும் மனிதர்களும் பிடித்திருக்கும். அவருக்கு மாஸ் எஃபெக்ட் சரிப்படும். இன்னொருவர் குதிரையில் ஏறி ஊர் சுற்றியதைத்தான் ரசித்திருப்பார். அவர் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பக்கம் போகலாம். மூன்றாமவர் கதையை ஓரமாகப் போட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய் க்வென்ட் சீட்டாட்டம் ஆடியிருப்பார். அவருக்கு ஸ்லே த ஸ்பயர் போதும். மூன்று பேரும் ஆடியது ஒரே கேம், ஆனால் அடுத்தது மூன்று பேருக்கும் வேறு வேறு.

அதெல்லாம் வேண்டாம், பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் போர்ட்டல் என்பேன். 2007இல் வந்தது, மூன்று மணி நேரம் போல ஆகும், பழைய கணினியிலும் ஓடும். தலைசுற்றல் வருகிறவர்கள் மட்டும் 13ஆம் கேள்வியைப் பார்த்துவிட்டு வாங்கவும்.

2. வாங்கி வச்சதே நாப்பது இருக்கு. எதைத் திறந்தாலும் ஆட மனசு வரல. என்ன பண்றது?

கணினி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் என் கணக்கில் இருப்பதில் பாதியை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை, அதனால் இதில் நான் பெரிய உத்தமன் இல்லை. எனக்கு வேலை செய்த வழி ஒன்று உண்டு. எந்த நேரத்திலும் மூன்று கேம்தான் இன்ஸ்டால் ஆகியிருக்கும். ஒன்று நீளமானது. ஒன்று இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுவது. இன்னொன்று மூளை ஓடாத அலுப்பிலும் ஆடக்கூடியது. மற்றதையெல்லாம் எடுத்துவிடுவேன். கணக்கில் அது பத்திரமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது விஷயம், எதை ஆடுவது என்பதை இரவு பத்து மணிக்கு முடிவு செய்யக் கூடாது. அந்த நேரத்தில் பட்டியலை மேலும் கீழும் உருட்டிவிட்டு யூடியூப் பார்த்துத் தூங்கிவிடுவோம். மதியம் டீ குடிக்கும்போதே 'இன்னைக்கு இது' என்று நினைத்து வைத்துக்கொண்டால் இரவு நேராக உட்கார்ந்துவிடலாம்.

அப்புறம், வாங்கிய கேம் கடன் இல்லை. 'காசு குடுத்தாச்சே, ஆடித்தான் ஆகணும்' என்று தொடங்கியதை நான் ஒன்றைக்கூட ரசித்து முடித்ததில்லை.

3. ஒரு கேம் முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். ஹவ்லாங்டுபீட் என்ற தளத்தில் ஆடியவர்களே தங்கள் நேரத்தைப் பதிவு செய்கிறார்கள். முதன்மைக் கதைக்கு மட்டும் ஒரு கணக்கு, கிளைக்கதைகளோடு சேர்த்து ஒன்று, எல்லாவற்றையும் முடிக்க இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கும். விட்சர் 3இன் முதன்மைக் கதைக்கு ஐம்பது மணி நேரம் போல ஆகும். கிளைக்கதைகளுக்குள் இறங்கினால் நூறைத் தாண்டும். எ ஷார்ட் ஹைக் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

அந்த எண்ணை உங்கள் வாரக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நூறு மணி நேர கேம் இருபது வாரம் இழுக்கும். பொங்கலுக்குத் தொடங்கினால் வைகாசியில்தான் முடிப்பீர்கள். அது சம்மதமா என்பதுதான் கேள்வி. எனக்குச் சில சமயம் சம்மதம், பல சமயம் இல்லை.

4. கைக்குழந்தை இருக்கு. ராத்திரி அரை மணி நேரம் கிடைச்சா பெருசு. எனக்கு எது?

இங்கே நீளத்தைவிட முக்கியம், நினைத்த நொடியில் நிறுத்த முடிகிறதா என்பது. இதை யாரும் விமர்சனத்தில் எழுதுவதில்லை. எல்டன் ரிங்கில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டனே சாதாரணமாகக் கிடையாது. குழந்தை அழுது எழுந்து போனால், திரும்பி வரும்போது உங்கள் ஆள் செத்துக் கிடப்பார். கேமைவிட்டு வெளியேறினால் தானாக சேவ் ஆகிவிடும் என்பது மட்டும் ஆறுதல். ஸ்டார்டியூ வேலியில் நிறுத்தி வைக்கலாம், ஆனால் கேமுக்குள் ஒரு நாள் முடிந்து தூங்கினால்தான் சேவ் ஆகும். ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் பதினான்கு நிமிடம், ஆகவே அரை மணி நேரத்தில் இரண்டு நாள் விவசாயம் பார்த்துவிடலாம். ஆனால் அது 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று இழுக்கிற கேம், உஷார்.

முறை வைத்து ஆடும் கேம்கள் உங்களுக்கு மிகவும் ஒத்துவரும். இன்டு த ப்ரீச், ஸ்லே த ஸ்பயர் இரண்டும் நீங்கள் நகர்த்தும் வரை காத்திருக்கும். ஹேடீஸில் ஒரு சுற்று சுமார் அரை மணி நேரத்தில் முடியும், பாதியில் போனாலும் அந்த அறையின் வாசலிலிருந்து தொடரலாம். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி கையில் வைத்து ஆடும் கருவி இருந்தால் பட்டனை அமுக்கிக் கருவியைத் தூங்கவைத்துவிடலாம். அப்போது மேலே சொன்ன கவலையில் பாதி குறைந்துவிடும்.

சிவிலைசேஷன் வரிசையை மட்டும் இந்தக் காலத்தில் தொடாதீர்கள். அதுவும் முறை வைத்து ஆடுவதுதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்தான். ஆனால் நிறுத்த மாட்டீர்கள்.

5. என்கிட்ட இருக்கறது ஆபீஸ் வேலைக்கு வாங்கின லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஏதாவது ஓடுமா?

நிறைய ஓடும். செலஸ்ட், ஹாலோ நைட், அண்டர்டேல், ஸ்டார்டியூ வேலி, எஃப்டிஎல், போர்ட்டல் 2, 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2. இவற்றை முடித்துவிட்டு வந்தால் புது கணினி வாங்குவதைப் பற்றிப் பேசலாம். இதில் சில, கிராபிக்ஸ் கார்டு போட்ட நண்பர்கள் தேடிப் பிடித்து ஆடுபவை.

கார்டை மட்டும் பார்க்காமல் இடத்தையும் பாருங்கள். ரெட் டெட் 2, பால்டர்ஸ் கேட் 3 இரண்டுமே 150 ஜிபி கேட்கும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் இறக்கினால் 75 நாள் ஆகும்! செலஸ்ட் இரண்டு ஜிபிகூட வராது.

6. ஸ்டீம்ல 95% பாசிட்டிவ். எனக்கு அரை மணி நேரத்துல போரடிச்சிடுச்சு. எனக்கு ரசனை இல்லையா?

உங்கள் ரசனைக்கு ஒன்றும் இல்லை. அந்த எண்ணைத் தப்பாகப் படிக்கிறோம். ஸ்டீமில் கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். 95% என்றால் நூற்றுக்கு 95 மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் 'பரவாயில்லை, ஆடலாம்' என்றாவது சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் அந்த வகை கேம் பிடித்துப்போய் வாங்கியவர்களிடையே எடுத்த கணக்கு. ரயில் ஓட்டும் கேமை வாங்குகிறவர் ரயில் பிரியராகத்தான் இருப்பார்.

நான் திட்டி எழுதியவற்றைத்தான் முதலில் படிப்பேன். 'பேச்சு ஜாஸ்தி, சண்டையே இல்லை' என்று ஒருவர் புலம்பியிருந்தால் எனக்கு அது சிபாரிசு. அப்புறம் சண்டைக் காட்சி தொகுத்த டிரெய்லரை விட்டுவிட்டு, யாராவது பேசாமல் ஆடிய வீடியோவில் நடுவிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் அதைத்தான்.

7. வாங்கிட்டேன், பிடிக்கல. காசு திரும்பக் கிடைக்குமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் காரணம் எதுவானாலும் கேட்கலாம். கேம் திறந்திருக்கும் நேரம்தான் கணக்கு. மெனுவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மற்ற கடைகளின் விதி வேறு, வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

8. மூணாவது பாகம்தான் சூப்பர்ங்கறாங்க. முதல்லேர்ந்து ஆடணுமா?

தொடருக்குத் தொடர் மாறும். ஃபைனல் ஃபேன்டஸியில் எண் மாறினால் கதையும் உலகமுமே வேறு, எங்கிருந்தும் தொடங்கலாம். ஸ்கைரிம், எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் ஐந்தாம் பாகம், முந்தைய நான்கையும் தொடாதவர்கள்தான் அதை ஆடியவர்களில் பெரும்பாலோர். விட்சர் 3ஐ நேரடியாகத் தொடங்கலாம், சில பழைய உறவுகள் முதல் சில மணி நேரம் குழப்பும், அவ்வளவே. பால்டர்ஸ் கேட் 3, முந்தைய பாகத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து நடக்கிறது. ரெட் டெட் 2 இன்னும் வேடிக்கை. 2010இல் வந்த கேமுக்கு முன்னால் நடந்த கதை அது.

வரிசையை மீறக் கூடாதவையும் உண்டு. மாஸ் எஃபெக்ட்டில் முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை கூடவே வரும். நடுவில் நுழைந்தால் பாதி சுவை போய்விடும். மூன்றையும் சேர்த்து 2021இல் ஒரே தொகுப்பாக விட்டார்கள், அதையே வாங்கவும். காட் ஆஃப் வார் ராக்னராக் ஆட வேண்டுமென்றால் 2018இல் வந்ததை முடித்திருக்க வேண்டும். த லாஸ்ட் ஆஃப் அஸ்ஸில் இரண்டாம் பாகத்தை முதலில் ஆடுவது அந்தக் கதைக்குச் செய்யும் துரோகம்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. புதியதை ஆடிவிட்டுப் பழையதற்குப் போனால் நடையே கனமாக இருக்கும், மெனு எரிச்சலூட்டும். தொடர் முழுவதும் ஆடியே தீருவேன் என்கிறவர்கள் பழையதிலிருந்து வருவதுதான் நல்லது. ஆனால் 3ஆம் கேள்வியின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

9. பாதியில விட்டுட்டு வேற கேமுக்குப் போனா தப்பா?

தப்பே இல்லை.

சரி, கொஞ்சம் விளக்குகிறேன். மறுபடி திறக்க வேண்டும் என்று மூன்று நாளாகத் தோன்றவே இல்லை என்றால் அந்த கேம் உங்களுக்கு முடிந்துவிட்டது, கடைசிக் காட்சி வராவிட்டாலும். ஆனால் ஒரே ஒரு பாஸிடம், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியிடம், தோற்ற கோபத்தில் விடுவதை இதில் சேர்க்காதீர்கள். அது அடுத்த கேள்வி.

10. எல்லாரும் சொல்றாங்கன்னு கஷ்டமான கேம் எடுத்தேன். முதல் பாஸையே தாண்ட முடியல. ஈஸி மோடுல வச்சா ஏமாத்தறதா?

யாரை ஏமாற்றுகிறீர்கள்? உங்கள் வீட்டு வரவேற்பறையில் நடுவர் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே. செலஸ்ட் மிகவும் கடினமான கேம். அதைச் செய்தவர்களே வேகத்தைக் குறைக்கவும், சாகாமல் இருக்கவும் ஒரு உதவி மோடு வைத்திருக்கிறார்கள். ஹேடீஸில் காட் மோடு என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் உங்களுக்கு விழும் அடி 20% குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2% குறைந்துகொண்டே வரும், 80% வரை. தோற்கத் தோற்கக் கை கொடுக்கும் அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

டார்க் சோல்ஸ், செகீரோ போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. ஆனால் எல்டன் ரிங்கில் ஒரு பாஸ் வழிமறித்தால் வேறு திசையில் போய் வலுவேற்றிக்கொண்டு திரும்பி வரலாம். செகீரோவில் அந்தப் பேச்சே பெரும்பாலும் எடுபடாது. அந்த வகையில் முதல் முறை கால் வைக்கிறீர்கள் என்றால் எல்டன் ரிங்கை எடுங்கள்.

11. ஒரு வருஷம் முன்னாடி விட்டதைத் தொடர ஆசை. ஆனா எந்த பட்டன் எதுக்குன்னே மறந்துபோச்சு.

பழைய சேவ் ஃபைலை நேராகத் திறக்காதீர்கள். அது நீங்கள் கைதேர்ந்திருந்தபோது நின்ற இடம், திறந்தவுடன் அடி விழும். புதிதாக ஒரு ஆட்டம் தொடங்கி முதல் அரை மணி நேரத்தை மட்டும் ஆடுங்கள். கேம் சொல்லிக்கொடுக்கும் பகுதி அதில்தான் இருக்கும். கை பழகியதும் பழைய சேவுக்குப் போகலாம். கதை மறந்திருந்தால் பெரிய கேம்களில் குறிப்பேடு மாதிரி ஒரு மெனு இருக்கும், அதைப் புரட்டினால் போதும்.

பாதிக்கு முன்னால்தான் விட்டீர்கள் என்றால் என்னைக் கேட்டால் முதலிலிருந்தே ஆடிவிடலாம். இரண்டாவது தடவை வேகமாகப் போகும்.

12. புதுசா வந்ததை முதல் நாளே வாங்கலாமா, விலை குறையற வரை காத்திருக்கலாமா?

தனியாக ஆடும் கேம் என்றால் காத்திருங்கள். சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020இல் வந்தபோது பிழைகள் தாங்காமல் சோனி ஒரு வாரத்திலேயே தன் கடையிலிருந்து எடுத்தது. அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. செப்டம்பர் 2023இல் 2.0 அப்டேட் வந்தபின் ஆடியவர்கள் இன்னும் நல்ல கேமை இன்னும் குறைந்த விலையில் ஆடினார்கள். முதல் நாள் வாங்கியவர்கள்தான் சோதனை எலிகள். ஸ்டீமில் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், விஷ்லிஸ்ட் என்ற விருப்பப் பட்டியலில் போட்டுவைத்தால் தகவல் தானே வரும்.

பலரோடு சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம் என்றால் கதை தலைகீழ். அங்கே கூட்டம்தான் கேம். நண்பர்கள் ஆடும்போது ஆடினால்தான் உண்டு. கான்கார்ட் என்ற கேமை 2024 ஆகஸ்ட் 23இல் வெளியிட்டு, செப்டம்பர் 6இல் சர்வரை மூடிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், விலை குறையட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை.

எபிக் என்ற ஆன்லைன் கடையில் வியாழக்கிழமைதோறும் இலவச கேம் கொடுக்கிறார்கள். வாங்கி வையுங்கள், ஆனால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு 2ஆம் கேள்வியைக் கேட்டு என்னிடம் வராதீர்கள்.

13. துப்பாக்கி பிடிச்சு ஓடற மாதிரி கேம் ஆடினா எனக்குத் தலை சுத்தி வாந்தி வருது. எனக்கு கேமே ஒத்துக்காதா?

கண்ணுக்கு நகர்வது தெரிகிறது, உடம்பு நகரவில்லை. அந்த முரணால் வருவது இது. செட்டிங்ஸில் மோஷன் பிளர் (நகரும்போது படம் மங்குவது), கேமரா ஆட்டம் இரண்டையும் அணைத்துவிட்டு, பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். திரையிலிருந்து தள்ளி உட்காருங்கள், அறையில் விளக்கு எரியட்டும். சிலருக்கு இதிலேயே சரியாகிவிடும். தலை லேசாகக் கனத்தவுடன் நிறுத்துங்கள், பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் கூடத்தான் செய்யும்.

சரியாகவில்லையா, பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ பார்க்கும் கேம்களுக்குப் போங்கள். 5ஆம் பதிலில் போர்ட்டல் 2, ஹாஃப்-லைஃப் 2 தவிர மற்ற எல்லாமே அந்த வகைதான்.

14. வீட்டுக்காரி கேம் ஆடினதே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஆட எது?

எல்லோரும் இட் டேக்ஸ் டூ என்பார்கள். அருமையான கேம், இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. ஆனால் முதல் கேமாக அதைக் கொடுக்காதீர்கள். இடது கட்டைவிரலால் நடந்துகொண்டே வலது கட்டைவிரலால் கேமராவைத் திருப்புவது நமக்கு மூச்சு விடுவது மாதிரி. புதியவருக்கு அது சைக்கிள் ஓட்டக் கற்பது மாதிரி. பத்து தடவை பள்ளத்தில் விழுந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். போதாததற்கு அந்தக் கதையே விவாகரத்துக்குத் தயாராகும் தம்பதியைப் பற்றியது!

கேமரா திருப்பத் தேவையில்லாததிலிருந்து தொடங்குங்கள். அன்டைட்டில்ட் கூஸ் கேமில் இரண்டு வாத்துகளாக ஊரை வம்புக்கு இழுக்கலாம், தோல்வி என்பதே கிடையாது. ஸ்டார்டியூ வேலியில் ஒரே திரையில் சேர்ந்து விவசாயம் பார்க்கலாம். ஓவர்குக்ட் சிரிப்பாகத்தான் தொடங்கும், நான்காவது சமையலறையில் சண்டை வரும். அவரவர் இல்லற நிலவரத்தைப் பொறுத்து முடிவெடுங்கள்.

15. பையனுக்குப் பத்து வயசு. ஜிடிஏதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான்.

ஜிடிஏ 5க்கு ஐரோப்பிய வயதுச் சான்று 18. அது சும்மா போட்ட எண் இல்லை, சித்திரவதைக் காட்சி வரை உண்டு. பையனுக்கு அதில் என்ன வேண்டும் என்று 1ஆம் கேள்வியின் பாணியில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கார் ஓட்டணும், இஷ்டத்துக்குச் சுத்தணும் என்பான். ஃபோர்ஸா ஹொரைசனும் மைன்கிராஃப்டும் அதற்குப் போதும். இலவச கேம் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கும் வசதிக்குப் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள், காசு அங்கேதான் போகும்.

16. இங்கிலீஷ் அவ்வளவா வராது. கதை கேம் ஆட முடியுமா? தமிழ்ல எதுவும் இல்லையா?

டிஸ்கோ எலிசியத்தைத் தவிர்த்துவிடுங்கள். பத்து லட்சம் சொல்லுக்கு மேல் இருக்கிறது, அதுவும் சுற்றி வளைத்த ஆங்கிலம். சொல்லே இல்லாமல் கதை சொல்பவையும் இருக்கின்றன. ஜர்னி, இன்சைடு, கிரிஸ் மூன்றிலும் வசனமே கிடையாது. மூன்றுமே ஒன்றிரண்டு இரவில் முடிந்துவிடும்.

தமிழ் வீட்டுக் கதை வேண்டும் என்றால் வெண்பா என்ற கேம் இருக்கிறது. டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி, அங்கே வளரும் மகன், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி ஏறும் என்று யோசிப்பதுதான் விளையாட்டு. இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. மகன் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நான் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

17. ரொம்ப நல்ல கேம் ஒண்ணு முடிச்சேன். அதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் சப்புன்னு இருக்கு.

இதைக் கேட்பவர்கள் எல்லோருமே செய்யும் காரியம், அதே மாதிரி இன்னொன்றைத் தேடுவது. விட்சர் 3 முடித்த சூட்டில் இன்னொரு பெரிய திறந்த உலக கேமை எடுத்தால் ஒவ்வொரு நிமிடமும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், அது பாவம் எப்படிப் போட்டியிடும்? அதற்குச் சம்பந்தமே இல்லாததை எடுங்கள். நூறு மணி நேரக் கதைக்குப் பின் கதையே இல்லாத புதிர் கேம், பாபா இஸ் யூ மாதிரி. வேகமானதற்குப் பின் மெதுவானது. 2ஆம் பதிலில் சொன்ன மூன்றில் சின்னதை நான் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

அவுட்டர் வைல்ட்ஸ் முடித்தவர்கள் மட்டும் தனி ரகம். அந்த கேமில் நீங்கள் சேர்ப்பது ஆயுதமோ பலமோ இல்லை, தெரிந்துகொண்ட விஷயங்கள் மட்டும்தான். அதனால் இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி ஆட முடியாது. அவர்களுக்கு ஒப்ரா டின்னைச் சொல்வேன். அதுவும் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் எதுவும் ஆடாமல் இருந்து பாருங்கள். இந்த யோசனையைக் கேட்ட நண்பர் ஒருவர் இப்போது மாலையில் பூப்பந்து ஆடப் போகிறார், என்னிடம் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டார்.